வேர்க்கடலைக் கொல்லையில் அம்மாவின் வீடு

திருத்தணியில் என்னை எல்லோருக்கும் தெரியும். நான் என்ன செய்கிறேன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். போரைப் பற்றியும், விட்டுவந்த மண்ணைப் பற்றியும், அதையெல்லாம் பார்த்தவர்களின் மனசில் கிடக்கிற காயத்தைப் பற்றியும் வீடியோ, ஒலி, வெளிச்சம் எல்லாம் சேர்த்து ஒரு அறையையே படைப்பாக மாற்றுவேன், அதற்குப் பல்லூடகக் கலை என்று பெயர், என்று பேருந்து நிலையத்துப் பக்கத்து டீக்கடையில் ஒருமுறை மூச்சு விடாமல் சொன்னேன். டீக்கடைக்காரர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "டிரோன் வச்சிகினு கீறீங்களா?" என்றார். வைத்திருக்கிறேன் என்றேன். "அப்ப எங்க மச்சான் கல்யாணத்துக்கு வந்து எடுத்துக் குடுங்க" என்றார். அன்றிலிருந்து ஊருக்கு நான் டிரோன்காரம்மா.

என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "எங்க மருமக சண்டைப் படம் எடுக்குது. ஆனா அதுல யாரும் சண்டை போட மாட்டாங்க. ஒரு கதவக் காட்டுவாங்க, ஒரு செவுத்தக் காட்டுவாங்க, அவ்ளோதான்." என் வேலையைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சரியாக எதுவும் அவற்றில் இல்லை.

நான் ஈழத்தில் பிறந்தவள். நாலு வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து படகில் வந்தவள். முகாமில் வளர்ந்து, சென்னையில் ஓவியம் படித்து, அரக்கோணம் ரயிலில் என் கணவரைச் சந்தித்தேன். அவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். சந்தித்த அன்று எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை கொடுக்கவில்லை. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக விவசாயம். கடல் தாண்டி வந்த பெண் என்று தெரிந்ததும் ஒருநாள் முழுக்கச் சத்தம் போட்டார்கள். மறுநாள் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காரம் சாப்புடுமா?" சாப்பிடுவேன் என்றதும் கல்யாணம் முடிவாகிவிட்டது.

முகாமிலிருந்து அம்மாவையும் அழைத்து வந்து மாடி அறையில் வைத்துக்கொண்டோம். ஆமாம் என்பதற்கு அம்மா 'ஓம்' என்பார், மாமியார் 'ஆங்' என்பார். ஒருவர் சொல்வதில் பாதிதான் மற்றவருக்கு விளங்கும். அதனாலேயே இரண்டு சம்பந்திகளுக்கும் இடையில் இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை.

என் முதல் கண்காட்சி சென்னையில் நடந்தபோது அத்தையும் மாமாவும் புளிசாதம் கட்டிக்கொண்டு காலை ரயிலில் வந்தார்கள். மாமியாரையும் மாமனாரையும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அது ஒரு இருட்டறை. நடுவில் பழைய சேலைகளைத் தொங்கவிட்டு அவற்றின் மேல் கடலைப் படமாக ஓடவிட்டிருந்தேன். படகில் வந்தவர்களின் குரல்கள் மூலைகளிலிருந்து மெல்லக் கேட்கும். வந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை சுவரைத் தடவிக்கொண்டே போய் சுவிட்சைக் கண்டுபிடித்து டியூப்லைட்டைப் போட்டார். "இருட்டுல இன்னா தெரியும்? பாவம், எல்லாரும் நின்னுகினே கீறாங்க" என்றார். கடல் காணாமல் போய், சேலைகள் மட்டும் துணிக்கடையில் தொங்குவதுபோல் தொங்கின. கனமான கண்ணாடி போட்ட ஒருவர் நிதானமாகக் கைதட்டினார். படைப்பு அங்கே முடிகிறது என்று நினைத்துவிட்டார். மறுநாளிலிருந்து நானே அந்த விளக்கைப் போட ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் அது நன்றாகத்தான் இருந்தது.

அம்மா வரவில்லை. அன்று அவருக்கு முழங்கால் வலி. அடுத்த கண்காட்சிக்குத் தலைச்சுற்று. அதற்கடுத்த கண்காட்சி கிருத்திகையன்று வந்தது. மலைக்கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் ஸ்டேஷன் பக்கமே போக முடியாது என்றார். அதே கிருத்திகைக்கு மலைப்படி முழுவதையும் ஏறி இறங்கி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, கால் வலிக்கவே இல்லை என்று அத்தையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு தம்ளர் உடைந்தது.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த அத்தனை வேலையும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி நடந்ததுதான். அப்பா எப்படிச் செத்தார்? எனக்கு அவர் முகம் நினைவில்லை. அம்மாவிடம் கேட்டால் "காய்ச்சல்" என்பார். சொல்லிவிட்டு உடனே எழுந்து போய் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கழுவுவார். முகாமில் ஒருவர் ஷெல் குண்டு என்றார், இன்னொருவர் ஆமி, அதாவது ராணுவம், பிடித்துக்கொண்டு போனது என்றார். காய்ச்சல் என்று யாருமே சொல்லவில்லை. நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் கடலைச் செய்தேன், படகைச் செய்தேன், முகாமின் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தத்தை ஒரு அறை முழுக்கச் செய்தேன். எதையாவது பார்த்துவிட்டு அம்மா வாயைத் திறக்கமாட்டாரா என்ற நப்பாசைதான். அம்மா எதையும் பார்க்கவே வரவில்லை.

அப்படியானால் வீட்டையே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மாமாவின் கொல்லை ஒன்று, மேட்டு நிலத்தை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், பள்ளிப்பட்டுச் சாலையோரம் இருக்கிறது. வேர்க்கடலை பிடுங்கி முடிந்து சும்மா கிடந்தது. அதில் நாங்கள் விட்டுவந்த வீட்டை அதே அளவில், சுவர் இல்லாமல், வெறும் வெள்ளைக் கோடாகத் தரையில் வரைவது; டிரோனை மேலே விட்டு எடுப்பது; அதோடு அம்மாவின் குரல். சென்னை கண்காட்சிக்கூடத்துப் பெண்மணிக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் படைப்பில் இல்லாமை என்பது நன்றாகத் தெரிய வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார். என்னிடம் கைவசம் இருந்ததே அது ஒன்றுதான்.

வீட்டின் அளவு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மத்தியானம் அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எங்கட வீட்டு விறாந்தை எவ்வளவு நீளம்?"

"ஒரு சீலை காயப்போடலாம்."

"அகலம்?"

"அதே சீலையை மடிச்சுக் காயப்போடலாம்."

"கிணறு எந்தப் பக்கம்?"

"வீட்டுக்குப் பக்கத்தில."

"இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"அது நீ எங்கை நிண்டு கேக்கிறாய் எண்டதைப் பொறுத்தது, பிள்ளை."

அடுத்த வாரம் கேட்டபோது கிணறு பின்னால் இருந்தது. அதற்கடுத்த வாரம் படலைக்குப் பக்கத்தில், அதாவது முன்வாசலுக்கே வந்துவிட்டது. இப்படியே எங்கள் கிணறு வீட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தது. குசினி, அதுதான் சமையலறை, சில நாள் வீட்டோடு ஒட்டியிருக்கும், சில நாள் தனியாக நிற்கும். கொல்லைக்கு வந்து காட்டுங்கள் என்றால் வெயில் என்பார். மழைக்காலத்தில் கேட்டாலும் வெயில்தான். கடைசியில், தெரிந்ததும் தெரியாததுமாக நானே ஒரு வரைபடம் போட்டுக்கொண்டேன்.

கொல்லையில் ஒலிப்பதிவு செய்வது இன்னொரு தொல்லை. அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து எழும் விமானங்கள் எங்கள் பக்கம் வந்து வட்டமடித்துவிட்டுப் போகும். ஊரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். நான் மட்டும் ஒலிப்பதிவு கெட்டுப்போன ஆத்திரத்தில் ஆகாயத்தைப் பார்த்துத் திட்டுவேன். முந்தைய வேலை ஒன்றுக்காக விமானச் சத்தத்தை இணையத்தில் தேடித் தேடி எடுத்தவளும் நானேதான்.

வெயில் சாய்வாக விழும் ஒரு காலை நேரம் வேண்டும் என்று ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன். வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதிகாலையிலேயே போய் முளை அடித்து, முளைக்கு முளை நூல் கட்டி, நூலோரமாகச் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு வந்தேன். ஒரு அறை முடிவதற்குள், அவ்வழியே போன டவுன் பஸ் மெதுவாகி, ஜன்னல் முழுக்கத் தலைகள் முளைத்தன. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டே, "நல்ல நாளாப் பாத்துதான் ஆரம்பிச்சிகீறீங்க!" என்று கத்தினார். கலையை ரசிக்கிறார் என்று நினைத்து நானும் கையசைத்தேன்.

அன்று வாஸ்து நாள். வாஸ்து புருஷன் தூக்கம் கலைந்து கண் விழிக்கிற நாள் என்று காலண்டரில் போட்டிருக்குமாம். வருஷத்தில் சில நாட்கள்தான் அப்படி வரும். அதில் ஒருநாள் காலையில் ஒருத்தி கொல்லையில் முளை அடித்து நூல் கட்டிச் சுண்ணாம்பு போட்டால் அதற்குத் திருத்தணியில் ஒரே ஒரு அர்த்தம்தான். வீடு கட்டப் போகிறாள். அதுவும் மாமனார் நிலத்தில், மாமியாருக்குச் சொல்லாமல். அதாவது தனிக்குடித்தனம்.

பஸ் ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்ந்த வேகத்தில் செய்தியும் போய்ச் சேர்ந்தது. முதலில் என் கணவர்தான் போன் செய்தார். "நம்ம ஊடு கட்டுறோமாமே? ஸ்டேஷன்ல எல்லாரும் கை குடுக்கறாங்க" என்றார். இது என்னுடைய வேலைக்காக வரைவது, உங்களுக்குத் தெரியுமே என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "இருந்தாலும் எத்தினி பெட்ரூம்?" என்று கேட்டார். அவர் குரலில் தெரிந்த ஆசையைக் கேட்டு எனக்கே பாவமாகிவிட்டது.

அடுத்து மாமா தம் வண்டியில் மேஸ்திரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் குடும்பத்துக்கு மாட்டுக்கொட்டகை முதல் மாடி அறை வரை கட்டிக்கொடுத்தவர் அந்த மேஸ்திரி. மாமா அதிகம் பேசுகிறவர் அல்ல. "கட்டுறதுன்னு முடிவு பண்ணிட்ட. சரி. தப்பாக் கட்டக் கூடாதில்ல" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. மாமா, இது வீடு இல்லை, படம், என்று ஆரம்பித்தேன். "படம் போட்டுதானே கட்டணும்" என்று மேஸ்திரி என் பேச்சை அங்கேயே முடித்துவைத்தார். அரைஞாண் கயிற்றில் செருகியிருந்த டேப்பை உருவிக்கொண்டு அளக்கப் போய்விட்டார்.

அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு தாம்பாளம் இறங்கியது. தேங்காய், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு செங்கல். பிறகு அத்தை இறங்கினார். அழுது முடித்த முகம். அவருக்குப் பின்னால், கையைப் பிடித்து இழுக்காத குறையாக, என் அம்மா. எத்தனையோ வருஷம் கெஞ்சியும் கொல்லைக்கு வராத அம்மா, சம்பந்தி கூப்பிட்டதும் வீட்டுச் செருப்போடு வந்துவிட்டார்.

"கேளுங்க சம்மந்தி, உங்க பொண்ண நீங்களே கேளுங்க" என்றார் அத்தை. "நான் இன்னா கொறை வச்சேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட வந்து நின்னிருப்பேனே. ஊரே சிரிக்குது."

"பின்ன இந்தத் தாம்பாளம் எதுக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"கோவம் வேற, பூசை வேற. கல்லு வைக்கிறது வைக்கிற மாதிரி வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதை வைக்க இடம் தேடினார்.

அம்மா எதையும் கேட்கவில்லை. வெள்ளைக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்துவிட்டது. வரப்பு மேல் கேமரா ஸ்டாண்டில் நின்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி அளந்து முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரும்மா மார்க்கிங் போட்டது? ஒரு மூலை கூட மட்டம் இல்ல. சமையல் ரூமக் கொண்டுபோய் ஈசானிய மூலைல வச்சிகீறீங்க. சாமி மூலைமா அது! அங்க அடுப்பு எரிஞ்சா அந்தக் குடும்பம் இன்னாத்துக்கு ஆவும்? ஊட்டக் கட்டுனவன் உட்டுட்டு ஓட வேண்டியதுதான். பொண்டாட்டி புள்ள ஊரு ஊராத் திரிய வேண்டியதுதான்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மட்டும் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். அம்மா அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம். என் வாழ்நாளில் நான் பார்க்காத கோபம்.

"ஆர் சொன்னது?" என்றார். "ஆர் சொன்னது எங்கட குசினி அங்கை இருந்ததெண்டு? கட்டினவர் ஒண்டும் விசரன் இல்லை. நாள் பாத்து, நூல் பிடிச்சு, ஒவ்வொரு கல்லா வச்சுக் கட்டின வீடு. இவள் ஒண்டும் தெரியாமல் கீறி வச்சிருக்கிறாள்!"

விசரன் என்றால் பைத்தியக்காரன் என்று தெரியாத மேஸ்திரிக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் திட்டு எந்த ஊர்த் தமிழில் இருந்தாலும் விளங்கும். ஒரு அடி பின்வாங்கினார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, நான் வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போனார். சுவர் கிடையாது, எந்தப் பக்கமும் திறந்த வெளி. இருந்தும் கோட்டைத் தாண்டாமல் வாசல் வழியாகவே போனார். நான் போட்ட குசினியைப் பாதத்தால் தேய்த்து அழித்தார். என் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைப் பிடுங்கி, தென்கிழக்கு மூலையில் போய்க் குனிந்து, விறுவிறுவென்று ஒரு சதுரம் போட்டார். "இஞ்சை குசினி." திரும்பினார். "இது சாமியறை. இதில ரெண்டு யன்னல். நீ ஒண்டுதான் வச்சிருக்கிறாய், காத்து எப்பிடி வரும்?" கிணற்றுக்கு வந்து, ஒரு கணமும் யோசிக்காமல் வடகிழக்கில் ஒரு வட்டம் போட்டார். ஊர் சுற்றிய கிணறு அன்றுதான் வந்து நின்றது. நாளெல்லாம் முழங்கால் வலிக்கிற அம்மா ஒருமுறைகூட நிமிரவில்லை.

நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். சிறுபிள்ளையாக இருந்தபோதுகூட அம்மா பின்னால் நான் அப்படி ஓடியிருக்க மாட்டேன்.

மேஸ்திரி மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒவ்வொரு மூலையிலும் நின்று விரலை மடக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, இது யாரு பிளான் போட்டதுன்னு தெரியல. சுத்தமான வாஸ்து ஊடு. அக்கினில அடுப்பு, ஈசானியத்துல தண்ணி. இந்த ஊட்டுல கீறவங்களுக்கு ஒரு கொறையும் வராது. நான் எழுதியே குடுப்பேன்" என்றார்.

அம்மா சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஓம். நல்ல வீடு" என்றார்.

அத்தை என் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "இது யாரு ஊடுமா?" என்று ரகசியமாகக் கேட்டார். எங்கள் வீடு, அத்தை. ஊரில் விட்டுவிட்டு வந்தது. இங்கே வரைந்து படம் எடுக்கிறேன், அடுத்த உழவில் அழிந்துவிடும் என்றேன். அத்தை என்னைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார். "அப்ப நீ தனியாப் போவல?" போகவில்லை என்றேன். வந்த நிம்மதியில் என் கன்னத்தில் லேசாக ஒரு அறை வைத்தார். பிறகு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய், கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்று, எப்போதோ கட்டி முடித்து என்றோ விட்டுவந்த ஒரு வீட்டுக்கு ஈசானிய மூலையில் செங்கல் வைத்துத் தேங்காய் உடைத்தார். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேஸ்திரியும் போட்டுக்கொண்டார். யாரிடம் என்ன வேண்டினார்களோ தெரியாது. நானும் கும்பிட்டேன்.

தேங்காய்ச் சில்லை ஆளுக்கொன்றாக அத்தை கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அரக்கோணத்துப் பக்கமிருந்து விமானம் வந்தது. வழக்கத்தைவிடத் தாழ வந்தது. நான் வழக்கம்போல ஒலிப்பதிவு போச்சே என்று நிமிர்ந்தேன். குனிந்தபோது அம்மாவைக் காணவில்லை.

அவர் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். குசினியைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, நான் கோடே போடாத பின்பக்கத்துக்கு. அங்கே வெறும் மண்ணில், வேர்க்கடலைச் சருகின் மேல் அத்தையின் தோளை அமுக்கி உட்காரவைத்து, தானும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தையின் கையில் இன்னும் தேங்காய்ச் சில் இருந்தது.

பங்கர், குண்டு போட வரும்போது பதுங்குகிற குழி. அம்மா சொன்ன எந்த வீட்டிலும் ஒருநாளும் இல்லாத பங்கர்.

விமானம் மலைப் பக்கம் போய் மறைந்தது. "போயிடுச்சு சம்மந்தி" என்றார் அத்தை. "அது நம்ம அரக்கோணத்து ஏரோப்ளேனு. தினம் வரும், போவும்."

"முதல் வாறது பாக்க வாறது" என்றார் அம்மா. "திரும்பி வரும். இருங்கோ."

எழுந்திருங்கள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டினார். அவர் எழுந்திருக்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு நன்றாகவே உட்கார்ந்தார். "குந்துமா நீயும்" என்று எனக்குச் சொன்னார். நான் போய் உட்கார்ந்தேன். மாமாவும் மேஸ்திரியும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களையும் அத்தை ஒரு அதட்டுப் போட்டார், வந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி பெரிய உடம்புக்காரர். நகர்ந்து நகர்ந்து மூலைக்கு வந்தவரை அம்மா தடுத்தார்.

"அதில இருக்காதேயுங்கோ. அவர் வருவார்."

மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல் வெயிலில் தள்ளி உட்கார்ந்தார். பள்ளிப்பட்டு பஸ் ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. வட்டமடித்த விமானம், அம்மா சொன்னதுபோலவே, திரும்பி வந்தது. தலைக்கு மேலே போனது. அம்மா கண்ணை இறுக்க மூடியிருந்தார். சத்தம் முழுதாக அடங்கியது. அதற்குப் பிறகு அம்மா கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல், அத்தையிடம் பேசினார்.

"மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன் எண்டு போனவர். கட்டையோட கட்டிக் கிடந்தா அது பாவமெல்லோ. ரெண்டாம் முறை வாறதுக்குள்ள வந்திடுவன் எண்டவர்."

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷம் கேட்கத் துடித்ததைக் கேட்டுவிட்டேன், அழுகைகூட வரவில்லை. கடைசியில் அத்தை, நாலு மாடு வைத்திருக்கிறவர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"மாடு இன்னா ஆச்சு சம்மந்தி?"

"அது தப்பியிட்டுது" என்றார் அம்மா. சிரித்தமாதிரியும் இருந்தது. "அடுத்த நாள் காலமை படலையடியில வந்து நிண்டு கத்துது. பால் கட்டிப்போய்ச்சு, கறக்க வா எண்டு."

"கறந்தீங்களா?"

"கறக்காமல்? பிள்ளை பாலுக்கு அழுதது."